கடைச் செயலியில் அழையாமல் வந்த கணக்கன்



ஆரணியில் மளிகைக் கடை நடத்துகிறவருக்குப் பாக்கி நோட்டின் மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தறிக்கூலி கைக்கு வந்ததும் கணக்குத் தீர்க்கும் குடும்பங்கள் எவை, எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் தறி நின்றிருக்கிறது, யாருக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்பதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டினால் தெரியும். எந்த ஊர்க் கடைக்கு எந்த ரகம் என்ன விலைக்குப் போகிறது என்பது அரிசி மண்டிக்காரரின் ரகசியம். எந்த வாடிக்கையாளர் எந்த ஜரிகைக்கு எவ்வளவு கொடுப்பார் என்பது பட்டு வியாபாரியின் ரகசியம். இவற்றையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நாம் இரவில் வீட்டுக்குப் போகிறோம்.

இப்போது அந்த நோட்டு கைப்பேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே சாமான் பட்டியல் அனுப்பவும், தம் பாக்கியைப் பார்க்கவும், பணம் கட்டவும் வசதியாகச் சொந்தச் செயலி (ஆப்) செய்துகொள்ளும் கடைகள் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் நாம் காசு கொடுத்துச் செய்த செயலிக்குள் நாம் கேட்காத ஒரு கணக்கன் உட்கார்ந்திருக்கக்கூடும். வாடிக்கையாளர் எப்போது வந்தார், எதைப் பார்த்தார், எதை எடுத்தார் என்று எழுதி அவன் வேறோர் இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பான். அவனை அடையாளம் காண்பது எப்படி, கடை வேலை கெடாமல் வெளியே அனுப்புவது எப்படி, மறுபடி வராமல் தடுப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். இதற்குச் செயலி எழுதத் தெரிய வேண்டியதில்லை. எழுதுபவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

1. செயலிக்குள் இருப்பது யார் சரக்கு?

நம் கடைப் பெயர் போட்டு விற்கும் சாம்பார்ப் பொடியை எடுத்துக்கொள்வோம். பொட்டலத்தின் மேல் நம் பெயர் இருக்கிறது. உள்ளே மிளகாய் ஓர் ஊர்ச் சரக்கு, மஞ்சள் இன்னோர் ஊர்ச் சரக்கு, பெருங்காயம் ஒரு கம்பெனிச் சரக்கு. நாம் செய்தது அளவு பார்த்துச் சேர்த்து அரைத்தது.

செயலியும் அப்படித்தான். எழுதிக் கொடுப்பவர் முழுவதையும் தாமே எழுதுவதில்லை. படம் காட்ட ஒன்று, பில் அச்சடிக்க ஒன்று, பணம் வாங்க ஒன்று, 'உங்கள் சாமான் வந்துகொண்டிருக்கிறது' என்று செய்தி அனுப்ப ஒன்று என ஆயத்தமாகக் கிடைக்கும் துண்டுகளை எடுத்துச் சேர்க்கிறார். இந்தத் துண்டை 'லைப்ரரி' என்பார்கள். நம் செயலி அதை நம்பி நிற்பதால் 'டிபென்டன்ஸி' என்றும் சொல்வார்கள். தரப்பட்ட துண்டைப் பயன்படுத்துவது தவறன்று. அப்படிச் செய்யாவிட்டால் ஒரு செயலிக்கு ஆகும் செலவை நம்மால் தாங்க முடியாது.

கவனிக்க வேண்டியது, இந்தத் துண்டுகள் இரண்டு வழியில் உள்ளே வருகின்றன என்பதை. ஒன்று, எழுதுபவர் தாமே பெயர் சொல்லிச் சேர்ப்பது. இரண்டாவது, சேர்த்த துண்டு தனக்கு வேண்டும் என்று தன்னுடன் அழைத்து வருவது. லாரி அமர்த்தினால் கிளீனரும் ஏறி வருவதைப் போன்றது இது. இரண்டாம் வழியில் வந்ததை எழுதிக் கொடுத்தவரே அறியாமல் இருக்கலாம்.

வேண்டாத கணக்கன் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. கூகுளின் 'ஃபயர்பேஸ்' சேவையில் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. பல செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. அங்கே புதிய திட்டம் தொடங்கும்போதே 'அனலிடிக்ஸ்' எனப்படும் நோட்டக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளும் பொத்தான் முன்வந்து நிற்கும். எழுதுபவர் அதை அப்படியே விட்டுவிட்டு மேலே போய்விடுவார். செய்தி அனுப்ப அந்த நோட்டக் கணக்கு கட்டாயமில்லை. அது இல்லாமலும் செய்தி போகும்.

2. அவன் எதை எழுதுகிறான்?

நோட்டத் தொகுப்பைச் சும்மா சேர்த்து வைத்தாலே சில விவரங்களைத் தானாகச் சேகரிக்கும். செயலியை முதல்முறை திறந்தது எப்போது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எந்தப் பக்கத்தைப் பார்த்தார், கைப்பேசி என்ன மாடல், என்ன மொழி, ஏறத்தாழ எந்த ஊர் என்பவை அவை. அத்துடன் விளம்பர அடையாள எண் என்று ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் ஒன்று உண்டு. அந்த எண்ணைப் படிக்கும் அனுமதியையும் இத்தகைய தொகுப்புகள் தம்முடன் கொண்டுவந்து செயலியில் சேர்த்துவிடும். ஒரே ஆள் பல செயலிகளில் என்ன செய்கிறார் என்று விளம்பரக் கம்பெனிகள் கோத்துப் பார்க்க உதவுவது இந்த எண்தான்.

இது தானாக நடப்பது. எழுதுபவர் கூடுதலாக எழுதிச் சேர்ப்பது வேறு. 'சரக்கைப் பார்த்தார்', 'கூடையில் போட்டார்', 'வாங்கினார்' என்ற நிகழ்ச்சிகளுக்கு ஆயத்தப் பெயர்களே இருக்கின்றன. அவற்றுடன் சரக்கின் பெயர், அளவு, விலை ஆகியவற்றையும் அனுப்ப இடம் உண்டு. ஒரு மண்டிக்காரர் சில்லறைக் கடைகளுக்கென்று தனிச் செயலி செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 'வாங்கினார்' நிகழ்ச்சியுடனும் இந்தக் கடைக்கு இத்தனை சிப்பம், இந்த விலை என்ற விவரம் வெளியே போகும்.

எங்கே போகிறது என்பதைக் கேட்பது முக்கியம். நோட்டக் கணக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியின் பெயரில் திறக்கப்படுகிறது. அது கடைக்காரர் பெயரில் இல்லாமல் செயலி எழுதியவர் பெயரிலேயே இருந்துவிடுவதுண்டு. அதே ஆள் பக்கத்துத் தெருவில் நம் போட்டிக் கடைக்கும் செயலி செய்து கொடுப்பவராக இருக்கலாம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். நம் பேரேடு அவர் வீட்டு அலமாரியில் இருப்பதை நாம் ஒப்புக்கொள்வோமா என்பதே கேள்வி.

3. உலகில் நடந்த நான்கு நிகழ்ச்சிகள்

பெரிய கம்பெனிகளே இதில் சிக்கியிருக்கின்றன. நமக்குப் பாடமாகும் நான்கை மட்டும் சொல்கிறோம்.

(அ) பில்லையும் ரசீதையும் படமெடுத்து அனுப்ப நம் வணிகர்கள் பலர் பயன்படுத்திய செயலி கேம்ஸ்கேனர். கூகுள் கடையில் 10 கோடிக்கு மேல் பதிவிறக்கம் ஆனது. 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி என்னும் பாதுகாப்பு நிறுவனம் அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் இருப்பதைக் கண்டது. அந்த நிரல் இருந்தது விளம்பரம் காட்டுவதற்காகச் சேர்த்த ஓர் அயலார் துண்டில். கூகுள் அச்செயலியைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. துண்டை நீக்கிப் புதிய பதிப்பு வந்த பிறகே திரும்பச் சேர்த்தது. (2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது இதுவும் அப்பட்டியலில் இருந்தது. அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு.) அயலார் துண்டு கெட்டால் பெயர் கெடுவது பொட்டலத்தின் மேல் பெயர் போட்டவருக்குத்தான்.

(ஆ) ஊரடங்குக் காலத்தில் எல்லோரும் அறிந்த ஜூம் செயலி. ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டே உள்ளே நுழையும் வசதிக்காக ஃபேஸ்புக் தந்த துண்டை அதன் ஐபோன் பதிப்பில் சேர்த்திருந்தார்கள். அந்தத் துண்டு, ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் கைப்பேசி மாடல், நேர மண்டலம், தொலைபேசி நிறுவனம் போன்ற விவரங்களையும் ஃபேஸ்புக்குக்கு அனுப்பியது. 2020 மார்ச் 26 அன்று இது செய்தியாக வந்தது. மறுநாளே ஜூம் அந்தத் துண்டை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டது. ஃபேஸ்புக் மூலம் நுழையும் வசதி போய்விடவில்லை. அதை உலாவி வழியாகச் செய்யும்படி மாற்றிவிட்டார்கள். நீக்கினால் வேலை நின்றுவிடும் என்று யாராவது நம்மிடம் சொன்னால் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் விவகாரம் அத்துடன் முடியவில்லை. இதையும் வேறு குறைகளையும் சேர்த்துத் தொடுத்த வழக்கில் 8.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள 2021இல் ஜூம் ஒப்புக்கொண்டது.

(இ) 2020 மே 6 அன்றும் ஜூலை 10 அன்றும் ஸ்பாடிஃபை, பின்டரெஸ்ட் போன்ற செயலிகள் ஐபோன்களில் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அந்தச் செயலிகளில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. அவற்றுக்குள் இருந்த ஃபேஸ்புக் துண்டுக்கு ஃபேஸ்புக்கின் பக்கத்திலிருந்து வந்த கோளாறே காரணம். தீபாவளிக்கு முன் வாரத்தில் நம் கடைச் செயலிக்கு இப்படி நேர்ந்தால், ஷட்டரை இழுத்து மூடியவர் யாரோ, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர் நாம்.

(ஈ) மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தன் துண்டைச் செயலிகளில் சேர்த்துக்கொள்வதற்காகச் செயலி எழுதுபவர்களுக்குப் பணமே கொடுத்தது. தொழுகை நேரம் காட்டும் செயலி, கியூஆர் குறியீடு படிக்கும் செயலி போன்ற சாதாரணச் செயலிகளில் அது இடம்பெற்றது. இருப்பிடம், தொலைபேசி எண் போன்றவற்றை அது திரட்டுவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2022இல் கூகுள் அச்செயலிகளைக் கடையிலிருந்து எடுத்தது. துண்டை நீக்கினால் திரும்ப வரலாம் என்றது. மலிவாகச் செயலி செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அவருக்கு வேறு வழியில் தரகு வருகிறதா என்று கேட்பது குற்றமாகாது.

4. சட்டம் யாரைப் பிடிக்கும்?

2023இல் நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் அந்த அறிவிப்பில் தரப்பட்டது. அவகாசம் இருக்கும்போதே வீட்டைச் சுத்தம் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

அச்சட்டத்தில் நமக்கு வேண்டிய மூன்று செய்திகள் இவை. முதலாவது, எந்தக் காரியத்துக்காகத் தகவல் வாங்குகிறோமோ அந்தக் காரியத்துக்குத் தேவையானதற்கு மட்டுமே வாடிக்கையாளரின் சம்மதம் செல்லும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயன்படுத்துபவர் இரண்டுக்கும் சரி என்கிறார். தொடர்பு எண்கள் மருத்துவத்துக்குத் தேவையில்லாததால் அந்தச் சம்மதம் மருத்துவத்துக்கு மட்டுமே பொருந்தும். பருப்பு வாங்க வந்தவரின் விளம்பர அடையாள எண் பருப்பு கொடுக்கத் தேவையா என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, எதற்காக, எப்படி என்று தீர்மானித்துத் தகவலைக் கையாள்பவரே பொறுப்பாளி. நம் சார்பில் அந்த வேலையைச் செய்பவர் தவறினாலும் பொறுப்பு நம்முடையதே. எங்களுக்குள் இப்படி ஒப்பந்தம் இருக்கிறது என்று காட்டி அதிலிருந்து தப்ப முடியாது.

மூன்றாவது, தகவலைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு கடைக்கு இவ்வளவு போடுவார்கள் என்று நாம் பயமுறுத்தவில்லை. தவறின் தன்மையையும் அளவையும் பார்த்தே அபராதம் தீர்மானிக்கப்படும். ஆனால் 'எனக்குத் தெரியாது, செயலி செய்தவருக்குத்தான் தெரியும்' என்ற பதில் இனிச் செல்லாது.

5. நீக்கும் முறை

பட்டுத் துணியில் தவறான இழை ஒன்று விழுந்துவிட்டால் நெசவாளி அதை வெடுக்கென்று இழுப்பதில்லை. எங்கிருந்து வருகிறது, எதில் முடிகிறது என்று பார்த்த பிறகே மெல்ல எடுக்கிறார். இதுவும் அப்படிச் செய்ய வேண்டிய வேலை. செயலி எழுதியவரை எதிரில் உட்காரவைத்து, கீழ்க்கண்ட வரிசையில் செய்யச் சொல்லுங்கள்.

முதல் படி: பட்டியல். செயலியில் உள்ள எல்லாத் துண்டுகளின் பட்டியலையும் கேளுங்கள். ஆண்ட்ராய்டு செயலிகளைக் கட்டும் 'கிரேடில்' என்ற கருவியிடம் ஒரே கட்டளை கொடுத்தால் எது எதை அழைத்து வந்தது என்று மரம்போல் கிளை கிளையாகக் காட்டிவிடும். 'ஃபிளட்டர்' போன்ற வேறு முறைகளில் செய்திருந்தாலும் இதற்குச் சமமான கட்டளை உண்டு. சில நிமிட வேலை. 'அப்படியெல்லாம் பட்டியல் எடுக்க முடியாது' என்று சொல்பவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது காட்ட மனமில்லை.

இரண்டாம் படி: காரணம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எதற்கு?' என்று எழுதச் சொல்லுங்கள். நோட்டம், விளம்பரம், 'மெஷர்மென்ட்' என்ற சொற்கள் வரும் இடங்களில் சிவப்பு மையால் கோடிடுங்கள். அது நேரே சேர்க்கப்பட்டதா, வேறொன்றுடன் ஏறி வந்ததா என்பதையும் குறிக்க வேண்டும்.

மூன்றாம் படி: நகல். இப்போது ஓடும் செயலியின் முழு நகலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். நீக்கிய பின் ஏதேனும் கோளாறு வந்தால் திரும்பிப் போக அதுவே வழி.

நான்காம் படி: நீக்கல். நேரே சேர்த்த துண்டாக இருந்தால் கட்டுமானக் கோப்பில் அதற்கான வரியை எடுக்க வேண்டும். எடுத்ததும் அந்தத் துண்டை எங்கெல்லாம் கூப்பிட்டிருந்தார்களோ அங்கெல்லாம் பிழைச் செய்தி வரும். பதற வேண்டாம். அந்தப் பிழைகளே நோட்டம் நடந்த இடங்களின் பட்டியல். ஒவ்வொன்றாக அகற்றினால் போதும். இன்னொன்றுடன் ஏறி வந்த துண்டாக இருந்தால், 'இவன் மட்டும் வேண்டாம்' என்று சொல்லும் விலக்கு வரியைச் சேர்க்கலாம். ஆனால் அழைத்து வந்தவன் அவனில்லாமல் வேலை செய்வானா என்று சோதிக்க வேண்டும். செய்யாவிட்டால் அழைத்து வந்தவனையே மாற்றி, நோட்டமில்லாத வேறொன்றைச் சேர்ப்பதே சரி.

ஐந்தாம் படி: அனுமதி. துண்டு போனாலும் அதற்காகக் கேட்ட அனுமதிகள் செயலியின் அறிக்கைக் கோப்பில் தங்கிவிடலாம். எல்லாத் துண்டுகளின் அனுமதிகளும் சேர்ந்து கடைசியில் உருவாகும் முழு அறிக்கையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விளம்பர அடையாள எண் அனுமதி அதில் இருக்கக் கூடாது. வேறொரு துண்டு அதை மீண்டும் கொண்டுவந்தால், 'நீக்கு' என்று அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதிவிட முடியும்.

ஆறாம் படி: சோதனை. சாமான் பட்டியல் அனுப்புதல், பணம் கட்டுதல், பில் அச்சடித்தல், செய்தி வருதல், பாக்கி சரியாகக் காட்டுதல் ஆகிய ஐந்தையும் பழைய கைப்பேசி ஒன்றிலும் புதியது ஒன்றிலும் நாமே செய்து பார்க்க வேண்டும். இதை எழுதியவரிடம் விட்டுவிடக் கூடாது. அரிசியில் கல் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டு யாரும் மூட்டை வாங்குவதில்லை.

ஒரு குறுக்கு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, 'சேகரிக்காதே' என்று ஒரு வரியில் அணைத்து வைக்க முடியும். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அணைத்தது மறுபடி எரியலாம். அடுத்த பதிப்பில் அந்த வரியை யாராவது மறந்துவிடலாம். வெளியே அனுப்புவதே நிலையான தீர்வு.

6. போய்விட்டதா என்று நாமே பார்ப்பது

ஒன்று: கூகுள் கடையில் நம் செயலியின் பக்கத்தில் 'தரவுப் பாதுகாப்பு' என்ற பகுதி 2022 முதல் இருக்கிறது. என்ன தகவல் எடுக்கப்படுகிறது, யாருடன் பகிரப்படுகிறது என்று செயலிக்காரரே எழுதிக் கொடுத்தது அது. அயலார் துண்டுகள் எடுப்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது கூகுளின் விதி. நீக்கிய பிறகு இதையும் திருத்த வேண்டும். இது அவரவர் சொன்ன கணக்கு. எடை போட்டுப் பார்த்த கணக்கு அன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு: பிரான்சு நாட்டிலுள்ள எக்ஸோடஸ் பிரைவசி என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு, ஒரு செயலிக்குள் எந்தெந்த நோட்டத் துண்டுகள் இருக்கின்றன, எத்தனை அனுமதிகள் கேட்கப்படுகின்றன என்று இலவசமாகக் காட்டுகிறது. துண்டு உள்ளே இருக்கிறதா என்று அது சொல்லும். அந்த நேரத்தில் வேலை செய்கிறதா என்று சொல்லாது.

மூன்று: டக்டக்கோ என்ற செயலியில் நோட்டத் தடுப்பு வசதி உள்ளது. அதை ஒரு கைப்பேசியில் இயக்கி, ஒரு நாள் முழுக்க நம் செயலியைப் பயன்படுத்தினால், அதற்குத் தெரிந்த நோட்டக் கம்பெனிகளில் யார் யாருக்குத் தகவல் போக முயன்றது என்று பட்டியல் தரும். பட்டியலில் நம் கடைப் பெயர் வராவிட்டால் நிம்மதி.

கூகுள் கடையில் போடாமல் வாட்ஸ்அப்பிலேயே கோப்பாக அனுப்பிச் செயலியைப் பரப்பும் கடைகளும் உண்டு. அவர்களுக்கு முதல் வழி கிடையாது. எழுதியவரின் கணினியிலேயே செயலிக் கோப்பைத் திறந்து உள்ளிருப்பதைக் காட்டும் கருவி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

7. பழைய பதிப்பும் பழைய கணக்கும்

இந்த இடத்தில்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். புதிய பதிப்பு வெளியிட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் கைப்பேசியில் இருக்கும் பழைய பதிப்பு தன் வேலையை நிறுத்தாது. அவர் புதுப்பிக்கும் வரை பழைய கணக்கன் எழுதிக்கொண்டே இருப்பான். ஆகவே பழைய பதிப்பைத் திறந்தால் 'புதுப்பித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும்படி செய்ய வேண்டும். கடைக்கு வரும் வயதானவர்களுக்கு நம் பையன் ஒருவனே வாங்கிப் புதுப்பித்துக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, இதுவரை சேர்ந்த விவரம். நோட்டக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, முதலில் நம் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். பிறகு அதை மூடி, சேர்ந்ததை அழிக்கச் சொல்லுங்கள். கூகுளின் சாதாரண நோட்டக் கணக்கில் ஒவ்வோர் ஆளின் விவரத்தையும் 2 மாதம் அல்லது 14 மாதம் வைத்திருக்கும்படி அமைக்கலாம். எது அமைக்கப்பட்டிருந்தது என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: மூட வேண்டியது நோட்டக் கணக்கை மட்டுமே. ஃபயர்பேஸ் திட்டம் முழுவதையும் அழித்துவிட்டால் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்து போய்விடும்.

8. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சு வேண்டாம். இந்த ஆறு வரிகளைத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது.

(1) செயலியில் சேர்க்கும் ஒவ்வொரு துண்டின் பெயரும் காரணமும் பட்டியலாகத் தரப்படும்.
(2) கடைக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நோட்டத் துண்டோ விளம்பரத் துண்டோ சேர்க்கப்படாது.
(3) ஒவ்வொரு புதிய பதிப்புடனும் புதிய பட்டியல் தரப்படும். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு குறிக்கப்படும்.
(4) கூகுள் கடைக் கணக்கு, ஃபயர்பேஸ் கணக்கு, பதிப்பில் கையெழுத்திடும் சாவி ஆகியவை கடையின் பெயரில் இருக்கும்.
(5) செயலியின் மூல நிரல் முழுவதும் கடைக்காரரிடம் ஒப்படைக்கப்படும்.
(6) உறவு முடியும்போது எழுதியவரிடம் உள்ள வாடிக்கையாளர் விவரம் அழிக்கப்பட்டு, அழித்ததாக எழுதித் தரப்படும்.

ஐயமும் விளக்கமும்

ஐயம்: எந்தச் சரக்கு அதிகம் பார்க்கப்படுகிறது என்று தெரிந்தால் வியாபாரத்துக்கு நல்லதுதானே? நோட்டம் இல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

விளக்கம்: எது விற்றது, எந்த மாதம் விற்றது, யார் வாங்கினார், யார் வருவதை நிறுத்தினார் என்பது எல்லாம் நம் ஆர்டர் பட்டியலிலேயே இருக்கிறது. அது நம் சொந்தச் சிட்டை. மாதம் ஒருமுறை அதைக் கூட்டிப் பார்த்தாலே கொள்முதலுக்கு வேண்டிய விடை கிடைக்கும். 'பார்த்தார், ஆனால் வாங்கவில்லை' என்ற விவரம் பெரிய கம்பெனிக்குப் பயன்படும். நமக்கோ, ஏன் வாங்கவில்லை என்று வாடிக்கையாளரையே கேட்க முடியும்.

ஐயம்: செயலி திடீரென்று நின்றுபோனால் காரணம் தெரிய ஒரு தொகுப்பு வேண்டும் என்கிறார்கள். அதையும் நீக்க வேண்டுமா?

விளக்கம்: கோளாறு அறிவிக்கும் தொகுப்பு வேறு, நோட்டத் தொகுப்பு வேறு. முன்னதில் பயன் உண்டு, வைத்துக்கொள்ளலாம். நோட்டக் கணக்கு இல்லாமலும் அது வேலை செய்யும். ஆனால் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், பாக்கித் தொகை எதுவும் கோளாறு அறிக்கையில் சேர்ந்து போகாதபடி எழுதியவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐயம்: சொந்தச் செயலி இல்லை. பிறர் நடத்தும் பொதுச் செயலியில் கணக்கு வைத்திருக்கிறோம். நாங்கள் என்ன செய்வது?

விளக்கம்: பொதுச் செயலிக்குள் கைவைக்க முடியாது. ஆனால் ஆறாம் பகுதியில் சொன்ன மூன்று வழிகளிலும் அதைச் சோதிக்க முடியும். தேவையற்ற அனுமதிகளைக் கைப்பேசி அமைப்பிலேயே மறுத்துவிடலாம். வாடிக்கையாளர் பட்டியலை அவ்வப்போது இறக்கி நம்மிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது அவசியம்.

ஐயம்: இதற்கெல்லாம் எழுதியவர் கூடுதல் பணம் கேட்டால்?

விளக்கம்: நாம் கேட்காததைச் சேர்த்திருந்தால் நீக்குவது அவர் கடமை. அடுத்தவருடையதை நாம் சுத்தம் செய்யச் சொன்னால் கூலி கொடுப்பதே முறை. எப்படியிருந்தாலும் பட்டியலைப் பார்த்த பின்பு பேசுங்கள். சிறு செயலியில் இது பெரிய வேலையன்று.

நிறைவாக

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயரை வேறு ஊர்ச் சரக்கின் மேல் போட்டு விற்க யாருக்கும் உரிமையில்லை. பல தலைமுறை உழைப்பால் சேர்ந்த பெயர் பொதுச்சொத்து என்று உணர்ந்து அதற்குக் காப்பு வாங்கியிருக்கிறோம். நம் வாடிக்கையாளரின் பெயரும் பாக்கியும் அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த சொத்து. நெசவாளி வீட்டு அம்மா 'அடுத்த மாதம் தருகிறேன்' என்று தாழ்ந்த குரலில் சொன்னதை நாம் அடுத்த வாடிக்கையாளர் காதில் விழாமல் எழுதிக்கொள்கிறோம். கைப்பேசிக்குள் போனாலும் அந்த மரியாதை குறையக் கூடாது.

ஒரே ஆளிடம் பல கடைக்காரர்கள் செயலி செய்துகொண்டிருந்தால், தனித்தனியே போய்க் கேட்பதைவிடச் சங்கத்தின் மூலம் எல்லோரும் சேர்ந்து கேட்பது எளிது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் தத்தம் செயலியின் துண்டுப் பட்டியலை வாங்கி வாருங்கள். சிவப்பு மையைச் சங்கத்தில் வைத்திருக்கிறோம்.